செவிள் நிறம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ரெஜினின் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு,
தலைக்கு மேலே லாரிகள்.
அவன் என் போனைத் திறந்ததும்
உள்ளிருந்து விழுந்தது ஒரு செதிள்.
சாளையுடையது.
"யக்கா, இது போனா, மீன் பெட்டியா?"

சார்ஜ் துளையில் பச்சை பூத்திருக்கிறது.
பேட்டரிக்கு வயிறு உப்பியிருக்கிறது.
குலுக்கினால் லென்ஸ் உள்ளே கிடந்து
காய்ந்த புளியங்கொட்டை மாதிரிப் பேசுகிறது.
அப்டேட் வருவது நின்று மூன்று வருஷம்;
செய்து விற்ற கம்பெனிக்கே
இது உயிரோடு இருப்பது தெரியாது.

"இனி எத்தன நாளு தாங்கும்?"

டாக்டர்மார் போல
முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"மழைக்கு முன்னன்னா ஆறு மாசம்.
மழைக்குப் பொறவு
எனக்கிட்ட கேக்காதீங்க."

போன மாசியில் புதுசு ஒன்று வாங்கினேன்,
மாதத் தவணையில், மூன்று கண் வைத்தது.
தேங்காப்பட்டணம் துறைமுகம், விடிய நாலு மணி,
மஞ்சள் விளக்கின் கீழே முப்பது பெட்டி நெய்மீன்.
ஒன்றின் செவிளை விரலால் விரித்துப் பிடித்து
ஒரே ஒரு படம்.
கோயில் திருநாள் கொடி போலச் சிவந்து வந்தது.
சாவக்காட்டு ஹம்சா முதலாளி
படம் பார்த்து விலை போட்டார்.

மத்தியானம் ஐஸ் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தது.
அவர் திட்டவில்லை.
பெட்டியைத் திறந்தபடி ஒரு படம் அனுப்பினார்.
செங்கல் நிறம்.
அடியில் ஒரு வரி: இது எந்த மீன்?

பதினோராயிரம் போயிற்று.
அதைவிட, இரண்டு வாரம்
என் படத்துக்கு யாரும் விலை சொல்லவில்லை.

புது போன் பொய் சொன்னது என்று
நான் சொல்லமாட்டேன்.
அந்த மீன் அப்படித்தான் இருந்திருக்கும்,
கடலுக்குள்ளே.
இப்போது அது என் நாத்தனார் மகள் ஷைனியிடம் இருக்கிறது.
அவள் முகத்துக்குப் பொருத்தம்.

இந்தப் பழசுக்கு
விளக்கு வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் கூடும்.
எனக்குத் தெரியும்.
ஹம்சா முதலாளிக்கும் தெரியும்;
மனசுக்குள் நீலத்தைக் கழித்துவிட்டுத்தான்
கிலோ விலை சொல்வார்.
ஆறு வருஷமாக அதே அளவு நீலம்,
அயிலைக்கும் சரி, கணவாய்க்கும் சரி.
தராசு கோணினாலும் பரவாயில்லை,
தினமும் ஒரே பக்கம் கோணினால்
வியாபாரம் நடக்கும்.

இதை ரெஜினிடம் சொன்னேன்.
"அதுக்கொண்ணும் மெஷின் இல்ல யக்கா" என்றபடி
குழித்துறை ஆற்றில் விழுந்து செத்த,
இதே மாடல் போன் ஒன்றிலிருந்து
பேட்டரியைப் பெயர்த்து எனக்கு வைத்தான்.
அது மட்டும் நனையாமல் தப்பியதாம்.
மேசையறையில் இன்னும் இரண்டு கிடந்தன,
ஒன்றுக்கு முகமே இல்லை.
இருநூறு ரூபாயை எடுத்து வைத்து,
ரெண்டையும் யாருக்கும் குடுக்காதே என்றேன்.

"பொணத்துக்கா அட்வான்சு?"

சோதிக்கவென்று அவன் பெருவிரலைப் படம் எடுத்தேன்.
ஈயம் சுட்ட தழும்பு,
நகக்கண் அழுக்கு,
ஓரத்தில் அதே நீலம்.
போதும் என்றேன்.

பஸ்ஸில் ஏறும்போது அறுபத்தொன்று சதவீதம்.
புதுக்கடையில் நாற்பத்தெட்டு.
நெஞ்சு பதறியது, ஒருத்தரையும் கூப்பிடவில்லை.
பைங்குளம் தாண்டியதும் ஐம்பத்தொன்று.
இறங்கியது போக
ஏறவும் செய்கிறது, சவம்.

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
புது பேட்டரி,
மூன்று கூட்டிச் சொல்லும்.
நாளைக்கும் மூன்றுதானா என்று பார்க்கவேண்டும்.