காற்று பிரிதல்

பூனோ ஆஸ்பத்திரியில் இரவு இரண்டரை மணிக்கு
ட்யூபாவோடு வந்து இறங்கினான் சதுர்னினோ கலிசாயா.
வயிறு, தோல் இழுத்துக் கட்டிய முரசு.
கந்தேலாரியா திருவிழாவில் மூன்று நாள் ஊதியவன்,
ஊதாத நேரமெல்லாம்
அவரைக்கொட்டையும் பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கும் தின்றவன்.
"வியாழக்கிழமையிலிருந்து ஒன்றும் போகவில்லை, டாக்டரம்மா,"
என்றாள் மனைவி பாசிலியா. "காற்றுகூட."

எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினேன்.
வயிறு முழுக்க ஒரே ஒரு காப்பிக்கொட்டை,
நடுக்கோடு உட்பட.

நான் லீமாவில் படித்தவள்.
கடல்மட்டத்துப் பிணங்களில் கற்ற பெருங்குடல்
அடக்கமானது:
வலது இடுப்பருகே ஒரு பை, அதன் அடியில்
எதற்கென்று எவரும் முடிவாகச் சொல்லாத ஒரு வால்;
அங்கிருந்து ஏறி, கல்லீரலின் காலடியில் திரும்பி,
இரைப்பைக்குக் கீழே துணிக்கொடி போலத் தொய்ந்து,
மண்ணீரலை எட்டிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் இறங்கும்.
மூன்று நாடாக்கள் நெடுக ஓடும்.
நாடா குட்டை, குழாய் நீளம்;
பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே,
அப்படித்தான் அந்தக் கொசுவங்கள்,
வேறு ரகசியம் இல்லை.

இங்கே, மூவாயிரத்து எண்ணூறு மீட்டரில்,
வெளியே காற்று மெலிய மெலிய
உள்ளே அடைபட்டது கொழுக்கிறது.
கடைசி நெளிவு நீண்டு, தடித்து,
வேறு யாருடைய குடலோ என்று நினைக்க வைக்கும்.
அடியில் பிடிமானமோ இரண்டு விரல் அகலம்.
திருகிக்கொள்ள ஒரு விருந்து போதும்.

திறந்தேன்.
பாம்பு என்று சொல்ல மாட்டேன், எல்லாரும் சொல்வது அது.
என் தொடை தடிமன். கருநீலம்.
ஓரம் நெடுக மஞ்சள் கொழுப்புக் குஞ்சங்கள்,
ஆட்டக்காரர்களின் உடுப்பிலிருந்து உதிர்ந்து ஒட்டியதுபோல.
ஒன்றரைச் சுற்று. இடமிருந்து வலமாக அவிழ்த்தேன்.
வெந்நீர்த் துணி போர்த்திக் காத்திருந்தோம்:
நர்ஸ் நீவெஸ் கடிகாரத்தைப் பார்க்க,
நான் குடலைப் பார்க்க.
ஓரத்தில் சிவப்பு வந்தது.
நடுவில்
வரவில்லை.
நாற்பது சென்டிமீட்டர் வெட்டி எடுத்து
முனைகளைச் சேர்த்துத் தைத்தேன்.

நடைவழியில் நாற்காலியில் ட்யூபா,
தரையில் பாசிலியா.
"எவ்வளவு எடுத்தீர்கள்?"
கைகளை விரித்துக் காட்டினேன்.
அவள் அந்த அளவைப் பித்தளைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தாள்,
வாய்முனையிலிருந்து முதல் வளைவு வரை.
"இவ்வளவு போனால்
சுருதி ஏறிவிடுமே."

முதல் நாள் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் இல்லை.
இரண்டாம் நாள் எங்கோ ஒரு சொட்டு,
பூட்டிய வீட்டில் குழாய் கசிவது போல.
எது முதலில் பிரியும், காற்றா, உயிரா
என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.
ஆறாம் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்
வெளிப்படையாகவே கேட்டார்கள்.
பக்கத்துக் கட்டில் சுரங்கத் தொழிலாளி மாக்சிமோ
ஒரு தர்பூசணி பந்தயம் கட்டினான்.
சதுர்னினோ வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்,
திருவிழாவில் எழுபது பேருக்கு நடுவில் நடந்து ஊதியவன்.

நான்காம் நாள் விடிகாலை, ஐந்து நாற்பது.
முதலில் தயங்கி, பிறகு நீளமாக,
கடைசியில் லேசாக நடுங்கி.
வார்டு முழுக்க விழித்துக்கொண்டது.
மாக்சிமோ சிலுவைக்குறி போட்டான்.
யாரோ கை தட்டினார்கள்.
நான் நேரத்தைக் குறித்து, அதன் கீழே
'கஞ்சி கொடுக்கலாம்' என்று எழுதினேன்.

வெளியே பாசிலியா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"சரியாகத்தான் இருக்கிறது," என்றாள், யாரிடமும் இல்லை.
பிறகு எழுந்து ட்யூபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து
திருவிழாவிலிருந்து தேங்கிய தண்ணீரையெல்லாம்
துடைத்து முடித்த தரையில் வடித்தாள்.
துப்புரவுக்காரி கத்தினாள்.
நியாயம்தான்.