இருமலுக்குப் பிறகு

வேண்டாம் குரியாக்கோஸ்,
புனலூரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வராதே.
உன் ஆம்ப்ளிஃபயர் நல்லதுதான்.
போன வருஷத்ததையும் அப்படித்தான் சொன்னாய்.

நேற்று புளியரை வளைவில்
வைக்கோல் லாரி சாய்ந்து மின்கம்பி அறுந்தது.
செங்கோட்டை முழுக்க இருட்டு.
டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் பார்த்தேன்:
ஏழு காலி அட்டைப்பெட்டி,
திரும்ப விற்கும்போது வேண்டுமே என்று.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்ததும்
அணைக்க மறந்த நாகஸ்வர இசைத்தட்டு
முனகி, நின்ற இடத்திலிருந்தே எழுந்தது.
சபையில் ஒருவர் இருமுவார், தெரியும்.
அது வலது ஓரத்தில் துல்லியமாய் விழத்தான்
வெள்ளி வயர் வாங்கினேன்.
செண்பகவல்லியின் தையல் மெஷினை வெளியேற்றினேன்.
சன்னலுக்குக் கம்பளி அடித்தேன்.
இருமல் கேட்டதும் ஊசியை எடுத்துவிடுவேன்,
எட்டு வருஷமாய்.

நேற்று எடுக்கவில்லை.
கையெல்லாம் சப்பாத்தி மாவு.

அதற்குப் பிறகும் வாசிக்கிறார்கள், குரியாக்கோஸ்.
இன்னும் பதினோரு நிமிஷம்.
ஓரிடத்தில் தவில் முந்திக்கொண்டு ஓட
நாகஸ்வரம் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறது,
செருப்பு மாட்டும் பிள்ளைக்காக
வாசலில் நிற்பது மாதிரி.
மாவு காய்ந்துவிட்டது.

அட்வான்ஸ் ரெண்டாயிரத்தை நீயே வைத்துக்கொள்.
கம்பளியைப் பிய்த்தாயிற்று.
கணவாய்க் காற்றோடு சாரல் உள்ளே வருகிறது,
இடது ஸ்பீக்கரைவிடச் சத்தமாய்.
தையல் மெஷினும் பழைய மூலைக்கு வந்துவிட்டது,
நடுவில் உட்கார இடமில்லை.

காலிப் பெட்டிகளை மட்டும்
இன்னும் பழைய கடைக்குப் போடவில்லை.
அதைக் கேட்காதே.