முறை

மேட்டூர் திறந்து பதினெட்டு நாள் கழித்துத்தான்
எங்கள் வாய்க்காலில் நுரை தெரியும்.
செல்போன் கோபுரமும் அப்படித்தான்:
ஊர் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு மேல்,
மிச்சம் மீதி கசிந்து வரும்.
அந்த நேரம் பார்த்து எழுந்து உட்காருவான் நிதர்சன்.
எட்டாம் வகுப்பு. கணக்கில் முப்பத்தெட்டு.

அவங்கப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
முள்ளியாற்றில் மூன்று மதகின் சாவி அவர் இடுப்பில்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு என்று
ஆபீஸில் எழுதிக் கொடுக்கும் தாளைப் போல
வீட்டுக்கும் ஒன்று எழுதினார்.
ஞாயிறு திறப்பு. ஒரு மணி நேரம்.
மற்ற நாளெல்லாம் அடைப்பு.
போன் பீரோவுக்குள்,
பீரோ சாவி மதகுச் சாவிகளோடு.

ராத்திரியில் கரையை வெட்டுகிறவர்களை
டார்ச் அடித்து விரட்டுகிற மனுஷனுக்கு
சொந்த வீட்டு உடைப்பு தெரியவில்லை.
என் போனின் பூட்டுக் கோலம் அவனுக்குத் தெரியும்.
தெரியும் என்பது எனக்கும் தெரியும்.
சாப்பிட வாடா என்றால் 'ம்' என்பவன்
போர்வைக்குள் கிசுகிசுப்பது கேட்கும்:
'பின்னாடி பாரு, பின்னாடி பாரு,
நான் இருக்கேன், வந்துட்டேன்.'
யாரிடம் வந்துவிட்டான்?
பக்கத்தில்தானே படுத்திருக்கிறேன்.

பிடுங்கலாம்.
ஆனால் கஜா அடித்த ராத்திரி அவனுக்கு ஆறு வயது.
ஆஸ்பெஸ்டாஸ் ஒவ்வொன்றாய்க் கிளம்பிப் போக
கட்டிலுக்கடியில் அவனைத் திணித்து
கையில் போனைக் கொடுத்தது நான்தான்.
நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ். பழம் வெட்டும் விளையாட்டு.
பதினேழு தென்னை விழுந்த சத்தம் எனக்கு,
தர்பூசணி பிளக்கும் சத்தம் அவனுக்கு.
ஒரு சொட்டு அழவில்லை என்று
முகாமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
இப்போது எதிர்வீட்டுச் செண்பகவல்லி கேட்கிறாள்,
யார் பழக்கினது?

போன ஞாயிறு.
சேற்றுக் காலோடு வந்தவர்
அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
அடிக்கத்தான் போகிறார் என்று கரண்டியோடு ஓடி வந்தேன்.

கட்டங்கட்டமாய் ஒரு நிலம்.
கட்டங்கட்டமாய் நீலம், அதுதான் ஆறாம்.
இவன் வாய்க்கால் வெட்டியிருந்தான்.
தண்ணீர் வந்தது, வந்தது, நின்றுவிட்டது.

'ஏன்டா நிக்குது?'
'ஏழு கட்டத்துக்கு மேல போவாதுப்பா. கேமே அப்படித்தான்.'
'இதுலயும் கடைமடைக்கு வராதா?'

சிரிப்பு வந்தது எனக்கு.
அவர் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று,
கலெக்டர் ஆபீஸில் மனு திரும்பி வந்ததுபோல.
அப்புறம் குந்தினார்.

'ஏழாவதுல ஒரு படி எறக்கு.'
'எறக்கினா?'
'எறக்குடா. தண்ணிக்கு வாட்டம் வேணும், பேச்சு வேணாம்.'

இறக்கினான்.
இன்னும் ஏழு கட்டம் ஓடியது நீலம்.
மறுபடி ஒரு படி. மறுபடி ஏழு.
'அப்பா, ஒனக்கு எப்படித் தெரியும்?'
பதில் இல்லை, விரல் மட்டும்
திரையில் சேற்றுத் தடம் வைத்தது.

ஒரு மணி ஆச்சு என்றேன்.
அவர் எழுதிய தாளை அவரிடமே காட்டினேன்.
'இரு, கோடி வயலுக்குப் போவட்டும்.'
கோடி வயலில் யாரும் இல்லை,
ரோஸ் நிறத்தில் இரண்டு பன்றி நின்றன.
குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்தபோதுதான்
மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம்.
வீட்ல போன் பார்க்கிறானா என்று
கணக்கு டீச்சர் கேட்டார்.
'தொடவே விடுறதில்ல டீச்சர்'
என்று சாவிக்கொத்தைக் குலுக்கினார் அவங்கப்பா.
நிதர்சன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.
காவிரி நீலக் கோடாய் இறங்கி, பிரிந்து, பிரிந்து,
எங்கள் ஊருக்கு ஒரு விரற்கடை மேலே
நின்றிருந்தது.