தொண்ணூற்றாறு

இரவு ஒன்றேகால்.
ஃபாரோ தீவுகளில் தெற்கே கடைசித் தீவு.
சின்ன ஆஸ்பத்திரி. சன்னலில்
மூடுபனி முகம் அழுத்தி நிற்கிறது.

மூன்றாம் கட்டிலில் கருவி அலறியது:
முப்பத்தொன்பது.
டுரிட்டா ஓடவில்லை, நடந்துதான் போனாள்.
ஹானுஸ் வாய் திறந்து தூங்குகிறார்.
முப்பது வருடம் துடுப்பு இழுத்த மார்பு
மெள்ள ஏறுகிறது, யோசித்து இறங்குகிறது.
அலறலை அணைத்துவிட்டு
மணிக்கட்டின் எலும்போரக் குழியில்
இரண்டு விரல் வைத்தாள்.

கட்டைவிரல் வைக்கக் கூடாது.
அதற்கென்று பலமாய் ஒரு துடிப்பு உண்டு,
நோயாளியை எண்ணுவதாய் நினைத்து
நம்மையே எண்ணிக்கொண்டிருப்போம்.

பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கலாம்.
ஒன்று தவறினால் நாலாய்த் தவறும்.
அவளுக்கு இரவு நீளம்,
முழு நிமிடமும் எண்ணினாள்.

நாற்பது.
துறையில் கட்டிய படகின் கயிறு
இறுகி, தளர்ந்து, இறுகுகிற நாற்பது.
அறுபது முதல் நூறு என்கிறது சுவரில் அட்டை.
விரல்நுனி வெதுவெதுப்பு. நெற்றி உலர்ந்திருக்கிறது.
எழுப்பினால் பெயர் சொல்வார், கூடவே திட்டுவார்.
எழுப்பவில்லை.

ஏழாம் கட்டிலில் கருவி சும்மா இருந்தது.
பச்சை எழுத்தில் தொண்ணூற்றாறு.
ரன்வா, முப்பத்துநாலு வயது.
மதியம் ஆடு மடக்கப் போன சரிவில்
ஈரப்புல் வழுக்கி, இடது விலா இரண்டு.
அழுத்தம் சரி. பேச்சு தெளிவு.
"தாகம்தான், வேறொன்றுமில்லை."
தாளில் ஒரு கேள்வி: நாடி இயல்பா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

பேனா முதல் கட்டத்தின் மேல் வந்து நின்றது.

போன ஜூனில், படகுப் போட்டிக்கு முந்தின வாரம்,
துறைமுகக் கொட்டகையில்
பெண்கள் படகு ஆறு பேருக்கும் நாடி பார்த்தது டுரிட்டாதான்.
நாலாம் துடுப்பு ரன்வா.
பழைய பக்கத்தைத் திறந்தாள்:
நாற்பத்தெட்டு.

ஈரெட்டு பதினாறு என்கிற குழந்தைக் கணக்கு.
வேறொருத்திக்கு இது மாடியேறிய மூச்சு.
இவளோ படுத்தபடி
யாரும் பார்க்காத ஒரு பந்தயத்தில் இருக்கிறாள்.

தொட்டாள். நூல்போல் மெலிந்து ஓடியது.
கை சில்லென்றிருந்தது.
"இடது தோளும் வலிக்குது,
படுத்த வாக்கு சரியில்லை போல."
தோளில் அடிபட்டதாக யாரும் எழுதவில்லை.

மருத்துவர் மிக்யல் தொலைபேசியில் கொட்டாவி விட்டார்.
"தொண்ணூற்றாறுதானே?"
"இவளுக்கு இல்லை."
சற்று நேரம் ஓசையில்லை.
பிறகு வாடகை வீட்டின் கதவு சாத்தும் சத்தம்,
அவிழ்ந்த காலணி நாடாவோடு அவர்.
ஸ்கேன் திரையில்
மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு குட்டை.

ஹெலிகாப்டர் பனி விலகக் காத்திருந்தது.
இரத்தப் பைகள் தொங்கின.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினாள்.
தொண்ணூற்றெட்டு.
நூற்றி நாலு.
கருவி இப்போதுதான் அலறியது,
ஊர் கூடிய பிறகு குரைக்கும் நாய்.

நாலரைக்கு விசிறியோசை வடக்கே போய்க் கரைந்தது.
தாளில் இரண்டு கட்டமும் காலி.
ஓரத்தில் அவள் கையெழுத்து:
இவளுடையது நாற்பத்தெட்டு.

ஹானுஸ் விழித்திருந்தார்.
"யாருக்கு அது?"
"கையைக் கொடுங்கள்."
இரண்டு விரல் வைத்தாள்.
இருபத்துமூன்று வரை வந்தவள் நிறுத்தினாள்.
விரல்நுனிகளே அடித்துக்கொண்டிருந்தன,
எது அவருடையது, எது தன்னுடையது
பிரிக்க வரவில்லை.

கையை உதறி, மூச்சு விட்டு,
கடிகார முள் மேலே வரும்வரை இருந்து,
ஒன்று.