தொண்டைக்கு ஒரு சீட்டு

செல்லூரில் தறி ஓடும் நேரம்தான்
எங்கள் ஒத்திகை நேரம்.
அந்தத் தடதடப்பில் டிரம்ஸ் வெளியே கேட்காது,
யாரும் புகார் சொல்வதில்லை.
எனக்கே என் குரல் கேட்காது என்பதுதான் சிக்கல்.
கேட்கவில்லை என்று கத்தினேன்.
மூன்று வருடம் கத்தினேன்.
மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை
உச்சியில் நின்ற சொல் பாதியில் அறுந்து
வெறும் காற்றாக வந்தது.
அருள்ராஜன் கிடாரை நிறுத்தாமலே
என்னைத் திரும்பிப் பார்த்தான்.

டவுன்ஹால் ரோட்டில் செல்போன் உறை விற்கிறேன்.
சம்பளம் பதினோராயிரம்.
சென்னையில் ஒருவர், திரை வழியாக,
நாற்பது நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு.
முதல் வகுப்பு இலவசம்;
அதில் கட்டண விவரம் சொல்லித் தந்தார்.

எஸ்.எஸ். காலனி பாட்டு டீச்சர்
மாதம் எழுநூறு போதும் என்றார்.
பாடச் சொன்னார். பாடினேன்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
இன்னொரு தடவை என்றார். பாடினேன்.
எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார்.
"சண்டை போடுற மாதிரி இருக்கேம்மா."
ஆமாம் டீச்சர்,
அதை ஒழுங்காகப் போடத்தான் வந்தேன்
என்று படி இறங்கும்போது தோன்றியது.

சர்ச் கோயரில் காசில்லை.
கடைசி வரிசையில் நிறுத்தி
வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள்.

அப்புறம்தான் பெரியாஸ்பத்திரி.
சீட்டு வாங்க ஒன்றரை மணி நேரம்.
மூக்கு வழியே ஒரு கேமரா இறங்கி
என் குரல்நாணைத் திரையில் காட்டியது.
இரண்டு முடிச்சு, கடுகளவு.
மூன்று வருட ராக் மொத்தமும்
இரண்டு கடுகு.

"பத்து நாள் பேசக் கூடாது. அப்புறம்
செவ்வாய்க்கிழமை, அறை பதினேழு."

பத்து நாளும் சைகையில் உறை விற்றேன்.
பேரம் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

அறை பதினேழில் எனக்கு முன்னால்
ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் ஒச்சப்பன்,
அறுபத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு
அறிவியல் எடுக்கும் ஜெபமணி டீச்சர்,
தக்காளி ஏலம் கூறும் மொக்கைச்சாமி.
நாலு பேருக்கும் ஒரே வியாதி.
பாட்டுக்காரி என்றதும்
ஒச்சப்பன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

பயிற்சி தரும் சபுராவுக்கு என் வயதுதான்.
தற்காலிகப் பணி, மூன்று மாதச் சம்பள பாக்கி.
பாட்டிலில் பாதித் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா.
"ஊதிக்கிட்டே முனகுங்க. குமிழி நிக்கக் கூடாது."
நாலு பேரும் ஊதினோம்.
அறை முழுக்க உலை கொதித்தது.
சிரித்ததில் மொக்கைச்சாமிக்குப் புரையேறியது.
அந்தக் கொதிப்புக்குள் மெலிசாக ஒன்று
தறியில்லாமல், மைக் இல்லாமல்.
என் குரல்.
முதன்முதலாக அறிமுகமானவள் மாதிரி
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெளியே கரும்புச்சாறு கடையில் ஸ்ட்ரா கேட்டேன்.
ஜூஸ் வாங்காமல் ஸ்ட்ரா இல்லை என்றான்.
இருபது ரூபாய்.
குரல் பயிற்சிக்கு நான் கட்டிய கட்டணம் அதுதான்.

நாலாவது செவ்வாய்தான் கேட்கத் துணிந்தேன்,
"முடிச்சு கரைஞ்சா கரகரப்பும் போயிடுமா?"
அது போனால் பாட்டில் நான் எங்கே இருப்பேன்?
சபுரா ராக் கேட்டதே இல்லை.
டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னாள்,
"வேணும்னா வச்சுக்க. நாணுல தேய்க்காத.
அதுக்கு மேல இன்னொரு மடிப்பு
வேலையில்லாமச் சும்மா கிடக்கு.
அதை வேலைக்குக் கூப்பிடு."

கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஒருநாள் வருகிறது, மறுநாள் லீவு.
போன வியாழன் அந்தச் சொல் உச்சியில் நின்றது.
தாளம் தப்பிவிட்டது என்றான் அருள்ராஜன்.
தப்பியது உண்மைதான்.

தக்காளி விலை ஏறியதிலிருந்து
மொக்கைச்சாமி பயிற்சிக்கு வருவதில்லை.

நேற்று ஆரப்பாளையத்தில் இறங்கும்போது
ஒச்சப்பன் பழையபடி நரம்பு புடைக்க
தேனி தேனி தேனி என்று கிழித்துக்கொண்டிருந்தார்.
பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்துக் காட்டினேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
உதட்டைக் குவித்து, குரலை மூக்குக்கு ஏற்றி,
மறுபடி தேனி என்றார்.

தேனீ மாதிரியே இருந்தது.
இரண்டு பேர் ஏறினார்கள்.