குடிக்காதவனின் கல்லீரல்

ஜெல் குளிர்ந்தது.
வலது விலாவுக்குக் கீழே
இஸ்திரி போடுவதுபோல் தேய்த்துக்கொண்டே
அந்தப் பெண் கேட்டாள்:
"தண்ணி போடுவீங்களா?"

இல்லை.

"எப்பவாச்சும்?"

இல்லைம்மா.

கழற்றி வைத்த என் சட்டையை
ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.
அவளைக் குறைசொல்ல முடியாது.
நெல்லித்தோப்பு பாரில்
கல்லாவில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம்.
சட்டை குடிக்கும்.
நான் குடிப்பதில்லை.

கிரேடு டூ என்று எழுதித் தந்தார்கள்.
கல்லீரலில் கொழுப்பு என்றேன் வீட்டில்.
முத்தியால்பேட்டை தாண்டுவதற்குள்
அது கள்ளீரல் ஆகிவிட்டது.
ஒரு ஒற்று நாக்கில் புரண்டால் போதும்
ஒருத்தன் மானம் போக.

டாக்டர் அதட்டவில்லை.
பேனாவைத் திறக்காமல்
"நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்றார்.
காலையில் பூரி.
மதியம் சோறு, மறுசோறு,
ரசத்துக்குத் தனியாக.
நடுவில் டீ, டீ, டீ,
ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை.
ராத்திரி
(இங்கே குரல் தானாகத் தணிந்தது)
மேசையில் மிச்சம் வருமே சார்,
மிக்சர், வறுத்த முந்திரி, சிக்கன் பக்கோடா,
கை படாத தட்டைக் கொட்ட மனசு வராது.

அவர்கள் குடித்தார்கள்.
பத்தொன்பது வருடமாய் நான்
சைடு டிஷ் தின்றிருக்கிறேன்.

"இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்,
தட்டையும் காலையும் பார்ப்போம்" என்றார்.

தேவகுமாரி
பாரிலிருந்து ஒரு பழைய பெக் அளவை
கொண்டுவரச் சொன்னாள்.
ஒரு பக்கம் அறுபது, கவிழ்த்தால் முப்பது.
அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது அது.
"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்மால்தான்"
என்று கடலெண்ணெயைச் சரிக்கிறாள்.
லார்ஜ் கேட்டால் முறைக்கிறாள்.
கடை மூடும் நேரத்தில்
எத்தனை பேர் என்னிடம் இப்படிக் கெஞ்சியிருப்பார்கள்,
எத்தனை பேரை நான் இப்படிப் பார்த்திருப்பேன்.

மத்தி மீன் இப்போது குழம்பில் மட்டும்.
சோறு ஒரு கிண்ணம்; கீரை அதைவிட உயரம்.
சர்க்கரை இல்லாத டீயை நீட்டும்போதெல்லாம்
மாஸ்டர் "யாரு வீட்ல துக்கம்?" என்கிறார்.

ஐந்தரை மணிக்கு, பழைய சாராய ஆலைப் பக்கம் தொடங்கி
வண்டி விடாத கடற்கரைச் சாலையில் நடக்கிறேன்.
முதல் வாரம் தலைமைச் செயலகத்தோடு சரி,
மூச்சு மட்டும் முன்னால் போனது.
இரண்டாம் மாதம் பழைய கலங்கரை விளக்கம்.
எதிரே கைவீசி வருவார் சொல்தா அந்துவான்,
பிரெஞ்சு பென்ஷன், எழுபத்தொரு வயது,
முந்தைய இரவு மூன்று லார்ஜுக்கு
நானே பில் போட்டிருப்பேன்.
"என் ஈரல் பளிங்கு, தம்பி."
ஸ்கேன் எடுத்தீங்களா என்றால்
கடல் இரைச்சலில் கேட்காதவர்போல் போய்விடுவார்.

மாசி மகத்தன்று
பாகூரிலிருந்து மச்சான் கலியபெருமாள்
ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தான்.
குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்
நான்கு தின்றேன்.
தேவகுமாரி எண்ணிப் பார்த்தாள்.
எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டு
எனக்கு முன்னால் தெருவில் நின்றாள்.

"ஆறாம் டேபிளுக்கு ஈரல் வறுவல்!"
சமையல் ஜன்னலில் குரல் கேட்கும்.
நூற்று அறுபது என்று எழுதும்போது
இடது கை, என்னைக் கேளாமல்,
வலது விலாவைத் தொட்டுக்கொள்ளும்.

ஏழாம் மாதம்.
அதே பெண், அதே குளிர்.
கிரேடு ஒன்.
இன்னும் இருக்கிறது, ஆனாலும் ஒன்று.
"பரவால்லையே, குறைஞ்சிருக்கு.
நிறுத்திட்டீங்களா?"

நிறுத்திட்டேன் என்றேன்.
எதை என்று அவள் கேட்கவில்லை.

காகிதத்தால் வயிற்றைத் துடைத்துவிட்டுச்
சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
அது இன்னும் நிறுத்தவில்லை.