புற்று வரவு

வாடிப்பட்டிக்கு மேற்கே, வாய்க்கால் திறக்காத சித்திரையில்
தென்னைக்கு ஊடே கொக்கோ நின்றது.
நானூறு கன்று. மானியத்தில் வந்தவை.
அவற்றின் காலைப் பிடித்துக்கொண்டு
மேலே ஏறத் தொடங்கியிருந்தது மண்.

"மண்ணு ஏறுதுண்ணே" என்றாள் விருமாயி,
தண்ணி ஏறுது என்பதுபோல.

கவாத்து வெட்டிய காயத்தில் நான் பசை பூசாமல் விட்டது
ஊரில் எவனுக்கும் தெரியாது.
கரையானுக்குத் தெரிந்திருந்தது.

பல் போன சீப்பால் சுரண்டினேன்.
உள்ளே வெள்ளை வெள்ளையாய் அவசரம்.
சாயங்காலம் சுரண்டியதைக்
காலையில் பூசி முடித்திருந்தன,
ஈரம்கூடக் காயாமல்.
எனக்கே இல்லாத தண்ணீரை
எந்தக் கிணற்றில் இறைத்தனவோ.

உரக்கடை ஜெயசீலன்
லிட்டருக்கு இரண்டு மில்லி என்றார்.
பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு
அஞ்சா ஊத்துங்க என்றார்.
ஊற்றினேன்.
மண்புழுதான் வெளியே வந்து செத்தது.

வரப்போரப் புற்றை மம்பட்டி போட்டுப் பிளந்தபோது
இடுப்பளவு ஆழத்தில் ஓர் அறை,
அதற்குள் பஞ்சு பஞ்சாய்க் காளான் தோட்டம்.
களை இல்லை. காய்ச்சல் இல்லை.
கடன் வாங்கி வைத்ததுபோலவும் தெரியவில்லை.
அதற்கும் கீழே அவள்:
கட்டைவிரல் பருமன், அசைக்க முடியாத வயிறு,
வியர்த்ததுபோல ஒரு மினுக்கம்.
என்ன செய்வதென்று நான் யோசிப்பதற்குள்
விருமாயியின் கோழி வந்துவிட்டது.
ஒரே கொத்து.
அலகை மண்ணில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு
அடுத்த வேலைக்குப் போனது.

செத்தது ராணி. நிற்கவில்லை வேலை.

வைகாசியில் மோட்டார் ரூம் பரணிலிருந்து
மஞ்சப்பையை இறக்கினேன்.
கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்
பொடியாய் வந்தது கையோடு.
எழுதாத பக்கங்களையெல்லாம் தின்றுவிட்டு
எழுதிய பக்கத்தில் நிறுத்தியிருந்தன:
அசல் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
அந்த மை கசக்கும்போல.

செயலாளர் சிரித்தார்.
"அதனாலென்ன, கம்ப்யூட்டர்ல இருக்கு.
அங்கெல்லாம் செல்லு ஏறாது."

திரும்பி வந்து எண்ணினேன்.
இருநூற்று அறுபத்து மூன்று பட்டுப்போயிருந்தன.
மற்றவை நிற்பதுபோல நின்றன.
ஒன்றை லேசாகத் தள்ளினேன்.
சத்தமில்லாமல் சாய்ந்தது.
பிடுங்கிய இடத்தில்
வேரின் வடிவத்தில் மண் வந்தது.

புரட்டாசியில் சிறுமலைப் பக்கமிருந்து இறங்கியது
முதல் மழை.
அன்று ராத்திரி குண்டு பல்பைச் சுற்றி
ஈசல், ஈசல், ஈசல்.
விருமாயி பிள்ளைகள் அடியில் குண்டான் வைத்து
ரெக்கை நனைந்ததை அள்ளினார்கள்.
அவள் புடைத்து, ஊதி, அரிசியோடு வறுத்து
ஒரு கை என்னிடமும் நீட்டினாள்.
நெய் வாசம்.

இந்தத் தோட்டத்திலிருந்து
நான் தின்ற முதல் விளைச்சல் அது.
உப்புக் கொஞ்சம் தூக்கல்.
இன்னொரு கை கேட்டேன்.